உள்ளே தள்ளாத ஸ்டாப் கம்பி

மன்னார்குடியில் மெக்கானிக்கைத் தேடிவிட்டுப் பசியோடு வருவீர்கள். சோறு உறியில் இருக்கிறது, மோர் பக்கத்தில். திரும்பவும் கத்தாதீர்கள், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

டிராக்டர் சாவியைத் திருப்பினால் நிற்காது, ஸ்டாப் கம்பியை இழுத்து டீசலை அடைத்தால்தான் நிற்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நேற்று உழுதுவிட்டு வந்து அதை இழுத்த நீங்கள், திரும்ப உள்ளே தள்ளவே இல்லை. இப்போதுதான் பார்த்தேன், இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது. டீசல் போகாமல் இன்ஜின் எப்படிக் கிளம்பும்?

காலையில் டிராக்டர் கிளம்பாததும், “மாரியப்பன்தான் கெடுத்துட்டான்” என்று நம் கூலியாளைப் போலீஸில் பிடித்துக்கொடுத்தீர்கள். கூலியை ஏற்றிக் கேட்டதுதான் அவன் செய்த குற்றம். ஸ்டேஷனுக்குப் போய் உள்ளதைச் சொல்லப்போகிறேன்.

மங்களாம்பிகை

கம்பியைத் தள்ளிவிட்டு ஸ்டேஷனுக்கு டிராக்டரிலேயே வாருங்கள். ஜீப்பில் அவனை ஏற்றியதைப் பார்த்த ஊர், அவன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து திரும்புவதையும் பார்க்கட்டும்.