பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டோம், அண்ணே

என் ஆசை ஜெரோம் அண்ணே,

நடந்துவிட்டது! இன்று சாயங்காலம் நம் கோயிலில் நடந்தேவிட்டது. வந்ததும் வராததுமாக எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள். இதை முதலில் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ போய் இன்றோடு ஒரு வருடம். விடியற்காலைப் பூசைக்குக் கீபோர்டு வாசிக்கக் கிளம்பினாய். துறைமுகச் சாலையோரம் விளக்குப் போடாமல் நிறுத்தியிருந்த கன்டெய்னர் லாரியில் உன் பைக் மோதியது. விபத்து என்று எழுதி முடித்தார்கள். இன்றும் அங்கே லாரிகள் அப்படித்தான் நிற்கின்றன. அந்தக் கோபம் ஆறவில்லை, ஆற விடவும் மாட்டேன். ஆனால் இந்தக் கடிதம் அதற்கல்ல.

நம் கடைசிச் சண்டை நினைவிருக்கிறதா? ஏரலிலும் சாத்தான்குளத்திலும் கல்யாண வரவேற்புகளுக்கு வாசித்துக்கொண்டிருந்த நீ, மூன்று தடவை மலையிலுள்ள துறவிகள் மடத்தில் தங்கிவிட்டு வந்து, அங்கேயே சேரப்போவதாகச் சொன்னாய். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று கேட்டேன்.

"ஏளா, அங்க யாரும் தனியாப் பாட மாட்டாவ. ரெண்டு வரிசையா எதிரெதிரா உக்காந்து மாறி மாறித் திருப்பாடல் பாடுவாவ. வரிக்கு நடுவுல ஒரு நிறுத்தம். எல்லாரும் மூச்சு எடுத்து முடிக்கது வரைக்கும் அடுத்த சொல் வராது. பெரிய குரல்காரன் சின்னக் குரலுக்குக் காத்துக் கெடக்கணும்."

நான் சிரித்தேன். "வேளாவேளைக்குச் சோறு வார எடத்துல நாப்பது ஆம்பளைங்க காத்துக் கெடக்கது பெரிய காரியமாக்கும்? உப்பளத்து அக்காமாரைக் கோயில் பாட்டுக் கொயருல சேக்காத இந்த ஊருல செஞ்சு காட்டு. பெறகு போ."

"சரிளா. ஒரு வருசம் பாக்கேன்" என்றாய். மடத்துக்கும் அப்படியே எழுதினாய். ஐந்தாவது மாதம் லாரி குறுக்கே நின்றது. நான் அந்தச் சவாலை விடாமல் இருந்திருந்தால், இந்நேரம் மலையில் பாடிக்கொண்டிருப்பாயா? ஒரு வருடமாக இந்தக் கேள்வியோடுதான் எழுந்திருக்கிறேன்.

உன் நினைவு நாளுக்குக் கொயர் தலைவர் லாரன்ஸ் அண்ணாச்சி வேறு திட்டம் வைத்திருந்தார். மேடை, வெளியூர் ஆர்க்கெஸ்ட்ரா, உன் தலைக்கு மேல் புறா பறக்கும் ஃபிளெக்ஸ். அந்தச் சவாலுக்காக நீ நோட்டில் எழுதி வைத்திருந்த திருப்பாடல் மெட்டை யாரோ பெரிய பாடகர் தனியாகப் பாடுவாராம். பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்தேன். "அண்ணன் அதை ஒருத்தர் பாடதுக்கு எழுதல. உப்பளத்து அக்காமாரு ஒரு பக்கம், கொயர் ஒரு பக்கம். மைக் வேண்டாம்."

"அதுகளுக்குச் சுருதி தெரியுமாளா?" என்றார் அண்ணாச்சி.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி? நீங்க பாடும்போதுதானே அண்ணன் கீபோர்டு சத்தத்தைக் கூட்டி வைப்பான்?"

கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய பங்குச்சாமியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பிலேயே அனுமதி வந்துவிட்டது.

முதல் ஒத்திகை கேவலம். நிறுத்தம் வந்ததும் தபேலாக்காரர் ஓர் உருட்டு உருட்டினார். அண்ணாச்சி அந்த இடைவெளியில் ஒரு "அல்லேலூயா"வைச் செருகினார். மைக்கே இல்லாத கோயிலில், பின்னாலிருந்து ஒரு குரல்: "என்னளா, கரண்டு போயிட்டா?" நம் ஊரில் சத்தம் நின்றால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றுதான் பொருள்.

செல்வமேரி அக்காவுக்குத்தான் முதலில் பிடிபட்டது. காலை முழுக்கப் பாத்தியில் உப்பு வாரிவிட்டு, வெடித்த பாதத்தோடு ஒத்திகைக்கு வந்தவள். "அளத்துல மூச்சு விட ஒரு நிமிசம் நின்னா கங்காணி வைவான்ளா. உங்க அண்ணன் பாட்டுக்கு நடுவுலயே நிக்கச் சொல்லுதான். நிக்க மாட்டமா?" மறுநாளிலிருந்து சரியாக நின்றது அந்தப் பெண்கள்தான். கொயர் அவர்களைப் பார்த்துப் பழகியது.

இன்று மதியம் பெஞ்சுகளை எதிரெதிராகத் திருப்பினோம். செல்வமேரி அக்கா ஒரு முனை, நான் ஒரு முனை. பெஞ்சுகளின் முதுகில் பெயின்டால் எழுதிய உபயக்காரர் பெயர்கள் எல்லாம் சுவரைப் பார்த்தன. நீ பார்த்திருக்க வேண்டும், அண்ணே!

மாலைச் செபம் தொடங்கியது. அக்காமாரோடு நானும் சேர்ந்து ஒரு வரி, எதிரே கொயர் ஒரு வரி. நாலாவது வரியின் நடுவில், சரியாக நிறுத்தத்தில், செல்வமேரி அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. இருமல் நிற்கவே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, எங்களைப் பாடச் சொல்லிக் கை காட்டினாள். கோயில் நிறைய ஆட்கள். எதிரே லாரன்ஸ் அண்ணாச்சி கையைத் தூக்கினார். போச்சு, அல்லேலூயா வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

வரவில்லை. அவர் தன் ஆட்களை நிறுத்தத்தான் கையைத் தூக்கியிருந்தார். இருமல் அடங்கி, அக்கா மூச்சை இழுத்துவிட்டுத் தலையாட்டினாள். அதன் பிறகுதான் கை இறங்கியது. இரண்டு பக்கமும் ஒன்றாக மூச்சு எடுத்த சத்தம் காதில் விழுந்தது. அடுத்த சொல் வந்தது.

முடிந்ததும் அண்ணாச்சி என்னிடம் வந்தார். "ஏளா, இன்னைக்கு என் குரலு எனக்கே கேக்கல."

"எங்களுக்கும் கேக்கல அண்ணாச்சி. அதான் நல்லா இருந்துச்சு" என்றேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

இதோடு எல்லாம் மாறிவிட்டது என்று நம்ப நான் முட்டாள் இல்லை. நாளைக்குப் பெஞ்சுகள் பழையபடி திரும்பிவிடும். ஆனால் சனிக்கிழமைதோறும் நான் போய்த் திருப்புவேன், இது சத்தியம். மழை விழுந்து உப்பளம் ஓய்ந்ததும் அக்காமாரோடு வேன் பிடித்து உன் மலைக்குப் போகிறோம். பெண்கள் அந்த வரிசையில் உட்காரலாமா என்று மடத்தைக் கேட்கவில்லை. வருகிறோம் என்று எழுதிவிட்டேன். ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நாங்கள்.

செஞ்சு காட்டிவிட்டாய், அண்ணே. இனி நீ போகலாம்.

உன்னிடம் சவால் விட்ட வாயாடித் தங்கச்சி,
பிலோமி