அம்மா யோசித்த அந்த நொடி

அன்புள்ள பொடிசுக்கு,

கோபத்தில் சமைத்த சாப்பாடு எப்படி ருசிக்கிறது? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. இருபத்து நான்கு வருடங்களாகக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எந்தப் பொருள் எந்தச் சூட்டில் என்ன ஆகும் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். ஆனால் பன்னிரண்டு வயதில் பல்லைக் கடித்துக்கொண்டு நான் கிண்டிய பருப்பு, உன் புத்தகத்தில் ‘பயமெல்லாம் போக்கும் வாசனை’யாக மாறியது எப்படி என்று சத்தியமாகத் தெரியவில்லை.

நேற்று உன் புத்தகத்தின் மெய்ப்புப் பிரதி வந்துசேர்ந்தது. கூடவே உன் துண்டுச்சீட்டும். “அக்கா, அளவுகளை மட்டும் சரிபார்த்துடு, மத்ததைத் தொடாதே, இருபதாம் தேதி அச்சுக்குப் போகுது” என்று எழுதியிருந்தாய். நான் எதையும் தொடவில்லை. கடைசிப் பக்கத்தில் ‘பிழை பார்த்து உதவிய என் அக்காவுக்கு நன்றி’ என்று இருந்ததையும் தொடவில்லை. அதற்கு முன்னால் இருநூறு பக்கங்களுக்கு ‘அம்மாவின் அடுப்படி’.

அம்மா சௌக்கியம். முழங்கால் வலிக்கு நான் வாங்கித் தந்த தைலத்தைப் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வலிக்கிறது என்று என்னிடம் முனகுகிறாள். இடது கண்ணில் புரை முற்றட்டும் என்று டாக்டர் காத்திருக்கிறார். லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. மூன்று மாடியும் அவளைக் கையைப் பிடித்துத்தான் இறக்குகிறேன். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, அது உன் புத்தகத்துக்குத் தேவைப்படாது.

கண் மங்கலாக இருப்பதால் முன்னுரையை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். “நான் இவ்ளோ நல்லவளா? இன்னொரு தடவ படி” என்றாள். அது நீயில்லை, நான் என்று சொன்னேன். “தெரியும்டி. கேக்க நல்லாயிருக்குல்ல?” என்றாள். உனக்கு என்ன குறைந்துபோச்சு என்று வேறு கேட்டாள்.

என்ன குறைந்தது என்று உனக்காவது சொல்கிறேன். நாம் சின்னவர்களாக இருந்தபோது அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மதிய ஷிஃப்ட். நாம் பள்ளியிலிருந்து வருவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது நீ தூங்கியிருப்பாய். அப்பா லாரியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். அப்படியானால் மழையில் நனைந்து வந்த உன் தலையைத் துவட்டிவிட்டுத் தட்டை நீட்டிய கை யாருடையது? ‘அம்மாவின் கையில் எப்போதும் சோப்பு வாசனை’ என்று எழுதியிருக்கிறாய். சோப்பு வாசனைதான். பாத்திரம் தேய்த்த சோப்பு. உனக்கு அப்போது ஐந்து வயது, குழப்பிக்கொண்டாய், சரி. இப்போது நாற்பத்திரண்டு.

அந்த வருடம் பள்ளியில் மாலை நேர அறிவியல் வகுப்பு தொடங்கினார்கள். முதல் ஆளாக என் பெயரைக் கொடுத்தேன். அடுத்த வாரம் நானே போய் அதை அடித்துவிட்டு வந்தேன். உனக்கு நாலரை மணிக்குப் பசிக்கும்.

அடிப்பிடித்த உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு முழு அத்தியாயமே எழுதியிருக்கிறாய். ‘எனக்குப் பிடிக்கும் என்பதற்காகவே அம்மா அடிப்பிடிக்க விடுவாள்.’ முதல் தடவை அது கருகியது நான் அடுப்புப் பக்கத்தில் நின்று பாடப் புத்தகம் படித்ததால். நீ கரண்டியால் சட்டியைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுவிட்டு, “இன்னும் கருகினது இருக்கா?” என்று கேட்டாய். அதற்குப் பிறகு கருகியதெல்லாம் வேறு கதை. அதை நான் எழுதப்போவதில்லை.

இதையெல்லாம்கூட விட்டிருப்பேன். முன்னுரையில் ஒரு வரி இருக்கிறதே, அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. ‘ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அளவு கேட்டால், அம்மா ஒரு நொடி யோசிப்பாள். அந்த மௌனத்தில் அவள் தன் பழைய அடுப்படிக்குப் போய்விட்டு வருவது எனக்குத் தெரியும்.’

அவள் எங்கேயும் போகவில்லை, பொடிசு. போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, “அடியே, பருப்புக்கு உப்பு எவ்ளோ?” என்று என்னைக் கேட்கிறாள். நான் சொல்வதை உனக்குச் சொல்கிறாள். நீ பூரித்துப்போகும் அந்த மௌனம் நான் பேசும் நேரம்.

அந்த முன்னுரையை மட்டும் இரண்டு மாதத்துக்கு முன்பே நீ எங்களுக்கு அனுப்பிவிட்டாய். அதற்குப் பின் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அம்மாவிடம் சொன்ன அளவுகளில் நாலு தப்பு. தெரிந்தேதான் சொன்னேன். நாலும் மெய்ப்பில் அப்படியே ஏறியிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் கீழே நீ கண்கலங்கி எழுதிய ஒரு பத்தியோடு. அறுபது சமையல் குறிப்பில் எந்த நாலு என்று சொல்லமாட்டேன்.

கேட்பது ஒன்றுதான். ‘அம்மா ஒரு நொடி யோசிப்பாள்’ என்பதை அடித்துவிட்டு, ‘அம்மா அக்காவைக் கேட்பாள்’ என்று போடு. மூன்றே சொல். போட்டால் நாலையும் திருத்தித் தருகிறேன். போடமாட்டேன் என்றால் உன் வாசகர்கள் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு எழுத உட்காராதே. உன் புத்தகம் வீடு வீடாகப் போய்ச் சேரட்டும். யாரும் அதைப் பார்த்துச் சமைக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
பிழை பார்த்து உதவிய
அக்கா

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். உறையை ஒட்டுவதற்குள் இன்று காலை நீயே போன் செய்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. உனக்குக் கேட்டது அம்மாவின் குரல் மட்டும்தான். இங்கே நடந்ததை எழுதிவைக்கிறேன்.

நான் அடுப்பு முன்னால் நின்றிருந்தேன். அம்மா நாற்காலியில். “பருப்பு செஞ்சு பாத்தியா? உப்புக் கரிக்குதா?” என்று உன்னிடம் கேட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவள் போனைப் பொத்தவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே உன்னிடம் சொன்னாள்: “மூணு இல்லடி, ஒண்ணேகால் ஸ்பூன். உங்கக்கா உன்மேல கடுப்புல இருக்கா, அதான் அப்படிச் சொன்னா. நான் எங்க சமைச்சேன்? முப்பத்தேழு வருஷமா அவ கையால தின்னுட்டிருக்கேன், எனக்கு உப்பு தெரியாதா?”

ஆக, மூன்று என்று நான் சொன்ன அன்றே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அப்படியே உனக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் யார் பக்கம் என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

அப்புறம் உன் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். “உன்னைக் கேக்குறா.”

வேலையாக இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

“வேலையா இருக்காளாம்” என்றாள் உன்னிடம். “உருளைக்கிழங்க அடிப்பிடிக்க விட்டுட்டு நிக்கிறா.”

உண்மையாகவே பிடித்துவிட்டது. மத்தியானம் நாங்கள் இருவரும் நல்லதைத் தின்றோம். சட்டியின் அடியில் இருந்ததை யாரும் தொடவில்லை.

நாலில் ஒன்றை அம்மா சொல்லிவிட்டாள். இன்னும் இரண்டை இந்தத் தாளின் பின்பக்கம் திருத்தி எழுதியிருக்கிறேன். நாலாவதை எழுதவில்லை. அதற்கு நீ என்னைத்தான் கூப்பிட வேண்டும்.