றெஜானிடம் வாங்கின துவக்கு

2 ஒக்டோபர் 2004, சனி

இன்றைக்குச் சுடுபயிற்சித் திடலில் மானம் போனது. மூன்றாம் வெடியோடு துவக்கு சிக்கிக்கொண்டது. சுட்ட ரவையின் வெறுங்கோது வெளியே விழாமல் குறுக்கே நின்றது. பொறுப்பாளர் விசில் ஊதி, நிறுத்தச் சொல்லிக் கத்தினார். எல்லோரும் துவக்கைக் கீழே வைத்தார்கள். நானும் வைத்தேன். வைத்துவிட்டு, ஊரில் ஆமிக்காரன் கத்தினால் நிற்கிறமாதிரி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன். கனடாவுக்கு வந்து பதினான்கு வருஷம்! ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் பெரிய வெட்கம். றெஜான் வந்து என் கைகளை மெதுவாக இறக்கிவிட்டான்.

துவக்கு அவனுடையதுதான். என் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். நான் லைசென்ஸ் எடுத்ததும், போன மாதம் முறைப்படி பெயர் மாற்றி எனக்கு விற்றான். ஒவ்வொரு வெடிக்கும் தானே கோதைத் துப்பி, தானே அடுத்த ரவையை ஏற்ற வேண்டிய சாமான். நவம்பர் ஆறாம் திகதி முயல் வேட்டைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறான். எட்டு வருஷம் ஒன்றாக வேலை செய்ததில் இதுதான் முதல் அழைப்பு.

3 ஒக்டோபர்

கழற்றித் துடைத்தேன். வெறுமையாக வைத்துக் கையால் இழுத்து விட்டால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பிறகு என்ன வருத்தம் இதுக்கு?

மனைவி சிவமலர் எட்டிப் பார்த்தாள். "உதைத் துடைக்கிறதில அரைவாசி என்ர அடுப்பைத் துடைச்சிருந்தா, இப்ப முகம் பார்க்கலாம்."

9 ஒக்டோபர்

வேறு கொம்பனி ரவை. சிக்கியது. றெஜானிடம் வேறு மகசீன் கடன் வாங்கினேன். சிக்கியது. ஒருமுறை ஐந்தாவதில், ஒருமுறை முதலாவதிலேயே. வீட்டுக்குக் கொண்டுவந்து இழுத்துப் பார்த்தால் நல்ல பிள்ளை. லாசாலில் எங்கள் வீட்டு வாடகைக்குள் ஹீற்றர் செலவும் அடங்கும். வீடு எப்போதும் வெக்கை. இது என் வீட்டில் மட்டும் ஏன் ஒழுங்காக நடக்கிறது? என் பிள்ளைகூட அப்படி இல்லையே.

13 ஒக்டோபர்

தொழிற்சாலைக் கன்ரீனில், எங்களோடு வேலை செய்கிற யோகேந்திரன் கேட்டான்: "என்னண்ணை, துவக்கு வெடிக்குதோ?"

வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். "றெஜான் தன்ர குப்பையை என்ர தலையில கட்டிப்போட்டான்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். யோகேந்திரன் பத்து நிமிஷத்தில் அதைப் பிரெஞ்சாக்கிவிட்டான்.

14 ஒக்டோபர்

'குப்பை விற்கப்படும்' என்று அட்டையில் எழுதி யாரோ போர்க்லிப்டில் ஒட்டியிருந்தார்கள். றெஜான் அதைக் கிழித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்தான். மத்தியானம் வேறு மேசையில் இருந்து சாப்பிட்டான்.

18 ஒக்டோபர்

றெஜான் நேரே வந்து நின்றான். "என்னட்டைப் பன்னிரண்டு வருஷம் இருந்தது, நகூ. ஒருநாளும் சிக்கேல்லை."

என் முழுப் பெயர் அவன் வாயில் நுழையாது, 'நகூ' மட்டும்தான். பொய் சொல்கிற முகமில்லை. அப்படியென்றால் என்னிடம் வந்த பிறகு என்ன நடந்தது? நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லையே. துடைத்தேன், எண்ணெய் போட்டேன் —

24 ஒக்டோபர், ஞாயிறு

தக்ஷினி தலைக்கு முழுக ஆயத்தம். "அப்பா, எண்ணெய் கட்டியாப் போச்சு. சுடுதண்ணியில வைச்சுத் தாங்கோ."

ஜன்னல் ஓரத்தில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் வெள்ளையாக உறைந்து இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். றெஜான் தந்த துவக்கு எண்ணெய் மணக்குது என்று சிவமலர் முகம் சுளித்ததால், முதல் நாளே இந்தப் போத்தலைத்தானே தாராளமாக ஊற்றினேன்! வீட்டு வெக்கையில் ஓடும். திடல் குளிரில்?

சும்மா நம்பக்கூடாது. உள்ளே ஓடும் இரும்புத் துண்டை மட்டும் கழற்றி, ஒரு பையில் சுற்றி, பிரிட்ஜில் வைத்தேன். அரை மணித்தியாலத்தில் வெண்ணெய் பூசினமாதிரி வெள்ளை.

"ஐயோ, உதென்ன தயிருக்குப் பக்கத்தில?"

"ஆராய்ச்சி."

"உங்கட தலையை வையுங்கோ அதுக்குள்ள!"

சரிதான். ஆனால் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! முழுதையும் கழுவித் துடைத்து, றெஜானின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டேன். அதற்குப் பிறகுதான் அந்த அட்டை ஞாபகம் வந்தது.

25 ஒக்டோபர்

"திருத்திப்போட்டன்" என்று றெஜானிடம் சொன்னேன். "என்ன பிழை?" என்றான். மணி அடித்தது. நல்லகாலம்.

30 ஒக்டோபர்

திடலில் கை விறைக்கிற குளிர். நாற்பது வெடி. ஒன்றுகூடச் சிக்கவில்லை.

6 நவம்பர்

இரண்டு முயல். இரண்டும் றெஜானுடையவை. நான் ஒரு மரத்தைக் காயப்படுத்தினேன்.

மத்தியானம் மரக் குடிலில் சமைத்தார்கள். தொழிற்சாலை ஆட்கள் ஆறு பேர். றெஜான் கிண்ணத்தோடு எழும்பினான். "நான் இந்த மனுஷனுக்குப் பழுதான சாமானை வித்திட்டன். பேசாமல் தானே திருத்தி எடுத்தான். உங்கள் எல்லாருக்கும் முன்னால சொல்லுறன் — பார்தோன், நகூ."

எல்லோரும் மேசையில் தட்டினார்கள். ஒருவன் கேட்டான், என்னதான் பிழை என்று. "ஏதோ ஸ்பிரிங்" என்றேன்.

மெற்றோவில் ஒருவன் என் காலை மிதித்தாலும் நான்தான் முந்திக்கொண்டு 'பார்தோன்' சொல்லுவேன். மன்னிப்புக் கேட்க எனக்கு அவ்வளவு பழகின பிரெஞ்சுச் சொல். இன்றைக்கும் வாய்வரைக்கும் வந்தது. றெஜான் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இறைச்சி நல்ல பதம் என்றேன்.