மாமன் முதுகில் அக்கி

அறந்தாங்கி
26.04.2025

அண்ணன் ஜெரோமுக்கு,

மரியே வாழ்க. நீங்களும் வாழ்க. என் மகளையும் கொஞ்சம் வாழ விடுங்கள்.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் "ம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் தெருவில் இருக்கும் கண்டக்டர் ராசு தினமும் அறந்தாங்கி பஸ்ஸில்தானே வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலும் அவரிடமே கொடுங்கள்.

நிச்சயத்தன்று நீங்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. சாமியார் ஜெபம் சொல்கிறார். மாப்பிள்ளை வீட்டார் கைகூப்பி நிற்கிறார்கள். பெண்ணின் தாய்மாமன் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார், வேலிக்காலைக் கண்ட எருமை மாதிரி. தட்டு மாற்றும்போதாவது அடக்கிக்கொள்வீர்கள் என்று பார்த்தேன். தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் சொறிந்தீர்கள்.

"அண்ணனுக்கு என்னங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா ஜெயராணி கேட்டார். அக்கி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல? நுரையீரலில் புற்றுநோய், அதற்கு ஏற்றுகிற மருந்தினால் இப்படி அரிக்கிறது என்றா? போன வருடம் திருமயத்திலிருந்து வந்த சம்பந்தம் எதனால் கலைந்தது? "குடும்பத்துல ஓடுற நோயா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. ஜெனிபர் அழுத அழுகையை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

முடிவாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் மே 28. அதற்குள் உங்கள் தோல் சரியானால் நீங்களே மாமன் மாலை போட்டு அவளைக் கோயிலுக்கு அழைத்து வாருங்கள். சரியாகவில்லை என்றால் பெரியப்பா மகன் அருள்தாஸ் போடட்டும். அவரும் எனக்கு அண்ணன்தான்.

தங்கை,
ஞானசெல்வி


ஆவூர்
29.04.2025

செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எருமை எழுதுகிறேன்.

உன் பொய் என் வீட்டு வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கியது, தெரியுமா? உன் சம்பந்தி ஜெயராணி கீரமங்கலத்திலிருந்து கிளம்பி, மண்பாண்டம் செய்கிற ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பெரியவர் அக்கி எழுதினால் மூன்றாம் நாள் அமுங்கிவிடுமாம். நான் என்ன செய்ய? இது அக்கி இல்லை என்றால் நீ பொய்க்காரி ஆகிறாய். வாயை மூடிக்கொண்டு குப்புறப் படுத்தேன். செங்காவியைக் குழைத்து முதுகு முழுக்க நாயும் சிங்கமுமாக எழுதிவிட்டார். குளிக்கக்கூடாது என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். சித்திரை வெயிலில், வேர்வையில், காவி காய்ந்து இழுக்க இழுக்க நான் பட்ட பாடு உனக்கு வர வேண்டாம். வந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

அரிப்பு என்றால் கொசு கடித்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இது தோலுக்கு மேலே இல்லை செல்வி, உள்ளே. சொறிந்தால் அந்த இடம் விட்டு அடுத்த இடம் ஓடும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன், அதனால் சீப்பை எடுக்கிறேன். சட்டை போட்டால் எரிகிறது, கழற்றினால் காற்றுப் பட்டு அரிக்கிறது. முதல் ஊசி போடும்போதே டாக்டரம்மா சொன்னார்: "ஒங்க ஒடம்போட காவக்காரனைத் தட்டி எழுப்பி விடுறோம். அவன் திருடனையும் அடிப்பான், சமயத்துல வீட்டுக்காரனையும் அடிப்பான்." அடிக்கிறான். ஆனால் திருடனும் அடி வாங்குகிறான், கட்டி சுருங்கியிருக்கிறது. அதை நீ ஒரு வார்த்தை கேட்டாயா?

ஜெனிபருக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டவன் நான். அருள்தாஸ் அன்றைக்குப் பந்தியை விட்டு எழவே இல்லை. மாலையை நான்தான் போடுவேன்.

அக்கி வந்த அண்ணன்,
ஜெரோம்


அறந்தாங்கி
04.05.2025

அண்ணனுக்கு,

கோயிலில் இன்று பூசையில் முதல் கல்யாண ஓலை வாசித்து அறிவித்துவிட்டார்கள். ஊருக்கே தெரிந்துவிட்டது, இனி கல்யாணம் நின்றால் அதுவும் ஊருக்கே தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

காவியில் படுத்துக் கிடந்தது எனக்காக என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்காக நீங்கள் செய்ததை எல்லாம் எப்போதும் இப்படித்தான் திருப்பித் திருப்பிச் சொல்வீர்கள். இவர் மஸ்கட்டில் இருக்கிறார். மண்டபம், சமையல், துணி எல்லாம் நான் ஒருத்தியே அலைகிறேன். "என்னம்மா, நான் என்ன செய்யட்டும்?" என்று ஒருநாள் கேட்டிருப்பீர்களா? உங்கள் அரிப்பு உங்களுக்கு, என் அரிப்பு எனக்கு.

நான் சொன்னதில் மாற்றம் இல்லை. முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், கழுத்தெல்லாம் கறுத்துத் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. போட்டோவில் விழும். அருள்தாஸிடம் பேசிவிட்டேன். பட்டு வேட்டி எடுத்தாகிவிட்டது.

அழைப்பிதழ் ஒன்று ராசுவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொள்ளுங்கள்.

ஞானசெல்வி


ஆவூர்
06.05.2025

ஞானசெல்விக்கு,

அழைப்பிதழ் வந்தது. ராசு டிக்கெட் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான், மீதிச் சில்லறை கொடுப்பது போல. கொடுத்துவிட்டு என் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

அழைப்பிதழைக் கோயிலில் வைத்து எடுத்தவுடன் முதல் அழைப்பு தாய்மாமனுக்கு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வீடு தேடி வந்து கையில் கொடுப்பார்கள். பாகப்பிரிவினையில் வெட்டிக்கொண்டவர்கள்கூட மாமன் தட்டை மட்டும் தவறவிட்டதில்லை. நீ பஸ்ஸில் அனுப்பியிருக்கிறாய். இனி நம் வீட்டில் சாவுச் செய்தியையும் பஸ்ஸிலேயே அனுப்பலாம், வசதி.

ஆனாலும் நான் வருவேன். உனக்காக இல்லை, அந்தப் பிள்ளைக்காக. தோல் சுத்தமாகத்தான் வருவேன். மே ஒன்றாம் தேதி எனக்கு ஊசி. போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அடுத்ததற்கும் போகப்போவதில்லை. மருந்தினால்தானே அரிப்பு? இன்ஜினை அணைத்தால் சத்தம் நிற்காதா? இத்தனை வருடம் பஸ் ஓட்டியவனுக்கு இது தெரியாதா? கல்யாணத்துக்குள் உன் அருள்தாஸைவிடப் பளபளப்பாக வந்து நிற்கிறேன், பார்.

ஜெரோம்


அறந்தாங்கி
09.05.2025

ஜெரோம் அண்ணனுக்கு,

உங்களுக்குப் புத்தி கெட்டுவிட்டதா? யார் ஊசியை நிறுத்தச் சொன்னது? நான் சொன்னேனா? தோல் சரியானால் வாருங்கள் என்றேன், செத்துப்போய் வாருங்கள் என்றா சொன்னேன்?

திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அந்த டாக்டரம்மாவிடமே பேசிவிட்டேன். "இது சுவிட்ச் இல்லம்மா, உடனே ஆஃப் ஆகுறதுக்கு. மருந்து ஒடம்புக்குள்ள மாசக்கணக்கா இருக்கும். அவரா நிறுத்தினா அரிப்பும் நிக்காது, நோய்க்கும் மருந்து இல்லாமப் போகும்" என்றார். அதோடு விட்டாரா? "அரிக்குதான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டோம். லேசான்னு மட்டுந்தான் சொன்னாரு. ஒழுங்காச் சொல்லியிருந்தா மாத்திரை, களிம்பு குடுத்து அடக்கியிருக்கலாமே" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என்னிடம் பக்கம் பக்கமாக எழுதத் தெரிகிறது, வைத்தியம் பார்க்கிறவரிடம் "லேசா"வா?

இன்னொன்றும் கேளுங்கள். ஜெயராணியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அக்கி இல்லை, புற்றுநோய், மருந்தினால் வந்த அரிப்பு என்று எல்லாவற்றையும். தோலைக் காட்டித்தான் மாமன் ஆக வேண்டும் என்று நீங்கள் உயிரை விடுவதைவிட என் மகள் கல்யாணம் நிற்பது பரவாயில்லை என்று அந்த நேரத்தில் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை, பயமாக இருக்கிறது. அவர் "சரிங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். நேற்றும் இன்றும் ஒரு பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை. கீரமங்கலத்தில் வாசிப்பார்களா, நிறுத்தச் சொல்லிவிடுவார்களா, தெரியாது. ஜெனிபர் என்னோடு பேசவில்லை.

உங்களால்தான் இதெல்லாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செல்வி


ஆவூர்
12.05.2025

செல்விக்கு,

இரண்டாம் ஓலை வாசித்துவிட்டார்கள் என்று இந்நேரம் கேள்விப்பட்டிருப்பாய். எனக்கு அதை நேரில் சொன்னது உன் சம்பந்தி. நேற்றுப் பூசை முடிந்து நேரே இங்கேதான் வந்தார்.

முகம் சிவந்திருந்தது. "புத்துநோய்னா புத்துநோய்னு சொல்ல வேண்டியதுதானங்க? எங்க சித்தப்பாரு அதுலதான் போனாரு. அக்கின்னு சொல்லி, பாவம் அந்த வயசான மனுசரை வெயில்ல இம்புட்டுத் தூரம் இழுத்துட்டு வந்து, ஒங்க முதுகுலயும் எழுத வச்சுட்டேனே. எனக்குல்ல மானம் போச்சு" என்றார். அப்புறம் சொன்னார்: "மாமன் மாலையை நீங்கதான் போடணும். சொறிஞ்சா சொறிஞ்சுட்டுப் போங்க. வேற ஆளு போட்டா இதுலயும் ஏதோ பொய் இருக்குன்னுதான் நான் நெனைப்பேன்." உன் அருள்தாஸின் பட்டு வேட்டி வீண்.

ஆனால் நான் வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா இரண்டு முறை என் வீட்டு வாசல் மிதித்துவிட்டார். கூடப் பிறந்தவள் ஒருமுறை வரவில்லை. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து நீ வரவில்லை செல்வி. போன், கடிதம், நிபந்தனை, கண்டக்டர். உனக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயமா, என்னைப் பார்க்க அருவருப்பா என்று யோசித்து யோசித்து விட்டுவிட்டேன். சம்பந்தி கூப்பிட்டார் என்று வந்து நிற்க நான் அவர் வீட்டு மாமன் இல்லை.

நாளைக்குத் திருச்சிக்குப் போகிறேன். நீ சொன்னதற்காக இல்லை. அரிப்பு நிற்கவே இல்லை, நீ சொன்ன டாக்டரம்மா பேச்சுத்தான் சரி. "லேசா" என்று ஏன் சொன்னேன் என்று கேட்டாயே. பக்கத்து நாற்காலியில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தவர் வயிற்றுப்போக்கு என்று சொன்னார், அடுத்த முறை அவருக்கு மருந்தை நிறுத்திவிட்டார்கள். எனக்கும் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன். சாக எனக்குப் பயமாக இருக்கிறது. பிறகு நானே நிறுத்தினேன். சிரி.

ஜெரோம்


ஆவூர், உங்கள் வாசல்
13.05.2025

அண்ணனுக்கு,

கதவு பூட்டியிருக்கிறது. சாவியைப் பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் உங்களுக்கு இந்த ஜென்மத்தில் வராது. காலையிலேயே திருச்சி பஸ் ஏறிவிட்டீர்கள் என்று பக்கத்து வீட்டு வைஷ்ணவி சொன்னாள். மாத்திரை எழுதி வாங்கினீர்களா? எவ்வளவு அரிக்கிறது என்று இன்றைக்காவது வாயைத் திறந்து சொன்னீர்களா?

தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போங்கள், நான் கொடுத்துவிடுகிறேன் என்கிறாள் அந்தப் பெண். தாய்மாமன் தட்டை வாசலில் வைக்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? கையில்தான் கொடுப்பேன். மாதா கோயில் பக்கம் நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தச் சீட்டைக் கதவிடுக்கில் செருகுகிறேன், நான் வந்துவிட்டுப் போய்விட்டேன் என்று அதற்கும் ஒரு கடிதம் எழுதிவிடாதீர்கள்.

எனக்கு அருவருப்பு இல்லை, ஒட்டிக்கொள்ளும் என்ற பயமும் இல்லை. அம்மா கடைசியில் படுத்திருந்த கட்டிலில்தான் நீங்களும் படுத்திருப்பீர்கள், அதைப் பார்க்கத்தான் நான் வரவில்லை. அது தப்புத்தான். ஆனால் நீங்கள் அதற்காக இத்தனை பேசியிருக்க வேண்டாம். உங்கள் மீது கோபம் குறையவில்லை, குறையவும் வேண்டாம். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். ஆயுசு முழுக்கச் சொறிந்துகொண்டு இருந்தாலும் சரி, உயிரோடு இருக்க வேண்டும். மாலையை நீங்கள்தான் போட வேண்டும். இதை நான் கேட்கிறேன், ஜெயராணி கேட்கவில்லை.

வெயில் கொளுத்துகிறது. வாழைப்பழம் கறுத்துப்போவதற்குள் வந்து சேருங்கள்.

செல்வி