தழும்பு தெரியாது

தம்பி,

நேரில் வந்தால் உன்னை அறைந்துவிடுவேன். அதனால்தான் நர்ஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மகள் பிழைத்துவிட்டாள். வயிற்றைக் கீறவில்லை, மூன்று சின்னத் துளைகள்தான் போட்டேன். தொப்புள் வழியாகக் கேமராவை விட்டதும் திரை முழுக்க ரத்தம். அதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பார்த்தால், குடல் முதுகெலும்பில் அழுந்தி நசுங்கிக் கிழிந்திருந்தது. தைத்துவிட்டேன்.

சைக்கிள் ஹேண்டில் குத்திவிட்டது என்றாய். ஹேண்டில் குத்தினால் தோலில் வட்டமாகப் பதியும். இவள் வயிற்றில் பதிந்திருப்பது வரிவரியாக, குதிகாலின் வளைவு உட்படத் தெளிவாக இருக்கிறது.

மயக்க மருந்து ஏறுவதற்கு முன்னால் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, நானும் சைக்கிள்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். அப்பா இனிமே உதைக்க மாட்டாருல்ல?" என்றாள்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போது நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தழும்பு வெளிய தெரியாதுல்லக்கா?"

தெரியாது. அந்த அளவுக்கு நன்றாகத் தைத்திருக்கிறேன். அதனால்தான் கத்தி வைப்பதற்கு முன்பே அவள் வயிற்றைப் படம் எடுத்து வைத்தேன்.

வாசலில் போலீஸ்காரர் நிற்கிறார். எழுந்து அவரிடம் போ. ஷூவை மட்டும் கழற்றிவிடாதே. அவருக்கு வேண்டியது அதன் அடிப்பக்கம்.

இப்படிக்கு,
உன் மகளின் அத்தை