என் அறைக்கு ஒரு தாழ்ப்பாள்

நவம்பர் 17, ஞாயிறு

சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. இவர் துணி சுற்றியிருக்கிறார், போன மாதம் சுற்றிய துணிக்கு மேலேயே. இவருக்கு ரிப்பேர் என்றால் கடைக்குப் போய் ஒரு ஸ்பானர் வாங்கி வருவது, அத்தோடு சரி. இப்போது வீட்டில் ஸ்பானருக்குக் குறைச்சல் இல்லை. சொட்டாத குழாய்தான் இல்லை.

வருஷக் கடைசி லீவு நெருங்குகிறது. வழக்கம்போல இவருடைய அக்கா குடும்பமும் தம்பி குடும்பமும் இங்கேதான். எனக்குப் பிடிக்கும், பொய் சொல்லவில்லை. அந்த இரைச்சல், கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பது, சீட்டாட்டத்தில் இவர் ஏமாற்றி மாட்டிக்கொண்டு அசடு வழிவது, எல்லாமே பிடிக்கும். ஆனால் மத்தியானம் ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும். யாரும் என்னைக் கூப்பிடாமல், என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க வேண்டும். தூங்கக்கூட வேண்டாம், சும்மா கிடந்தால் போதும்.

கரண்ட் ஆபீசில் புகார் போனை எடுக்கிறவள் நான். நாள் முழுக்க யாராவது கத்திக்கொண்டே இருக்கிறார்கள். காதுக்கும் ஒரு லீவு வேண்டாமா?

நவம்பர் 20, புதன்

இந்த வீட்டில் கதவைச் சாத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

இவருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் மகன் ரெண்டு வயதில், ஒரு லீவின்போது, எங்கள் அறைக்குள் போய் அடித் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டான். திறக்கத் தெரியவில்லை. உள்ளே அவன் அழ, வெளியே அண்ணி அழ, கடைசியில் இவர் தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். மாமனார் அன்றைக்கே எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றிப் போட்டார். லீவு நாளில் எந்தக் கதவையும் சாத்தக் கூடாது என்று சட்டமும் போட்டார். குளியலறைக் கதவை மட்டும் சும்மா சாத்தி வைக்கலாம். ஆனால் உள்ளே இருப்பவர் வெளியே கேட்கிற மாதிரி பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். கொழுந்தனுக்குத் தெரிந்தது ஒரே பாட்டு, அதிலும் முதல் ரெண்டு வரி. சோப்பு தீருகிறவரை அதையே பாடுவார்.

மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பையன் இப்போது நிலையில் தலை இடித்துக்கொள்கிற உயரம். அவனுக்கே ஒரு மகள், நாங்கள் அவளைச் சுண்டெலி என்போம். சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. என் ரூம், என் கதவு. இதுக்கு நான் யார்கிட்ட கேக்கணும்?

நவம்பர் 24, ஞாயிறு

இவரிடம் சொல்லிவிட்டேன். தாழ்ப்பாள் எதற்கு, யார் வந்துவிடப் போகிறார்கள் என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். சிரித்துவிட்டு ஸ்பானர் பெட்டியை எடுக்கப் போனார். வேண்டாம், தச்சரைக் கூப்பிடுங்கள் என்றதும் முகம் சுண்டிப்போனது. பாவம்தான். ஆனால் கதவை நம்பி இவர் கையில் கொடுக்க முடியாது.

டிசம்பர் 1, ஞாயிறு

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அண்ணியோடு போனில் பேசும்போது, எத்தனை தலையணை வேண்டும், யார் எங்கே படுப்பது என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. நடுவில் தாழ்ப்பாள் விஷயத்தை உளறிவிட்டேன். அண்ணி தலையணைக் கணக்கை அப்படியே விட்டார். அப்புறம் கேட்டார்.

"யாரை வெளியில நிக்க வைக்கத் தாழ்ப்பாள் போடுற? எங்களையா?"

இல்லை அண்ணி, மத்தியானம் கொஞ்ச நேரம் படுக்கத்தான் என்றேன். அவர் காதில் ஏறவில்லை.

"அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் என் புள்ள அழுதான். நீ மறந்திருப்ப. எனக்கு இன்னும் அந்தச் சத்தம் கேக்குது."

இந்த வருஷம் வருவதா என்று யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எதையாவது சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்ததோ ஆபீசில் நாள் முழுக்கச் சொல்கிற வாக்கியம்: "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது."

பழக்க தோஷம், வேறென்ன. போனை வைத்துவிட்டார்.

டிசம்பர் 2, திங்கள்

அண்ணி போனை எடுக்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்றும் எடுக்கவில்லை. அக்கா வராமல் ஒரு லீவா என்று இவர் புலம்புகிறார். தாழ்ப்பாளை வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டால், நீயே முடிவு பண்ணு என்கிறார். நல்லவர் மாதிரி பேசி மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்.

விட்டுடலாமா? அண்ணி இல்லாத வீடு எனக்கும்தான் வெறிச்சுனு இருக்கும். கல்யாணமாகி வந்த புதுசுல, எனக்கு வெந்நீர் அடுப்பு பத்த வைக்கக்கூடத் தெரியாதப்ப, யாருக்கும் தெரியாம சொல்லிக் கொடுத்தது அவங்கதான். ஆனா இப்ப விட்டா அடுத்த வருஷமும் இதேதான், அதுக்கடுத்த வருஷமும் இதேதான். ஒரு மணி நேரம் கேட்டது அவ்வளவு பெரிய குத்தமா?

தச்சரை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணிக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன்: 'நீங்க வரணும். நீங்க இல்லாம எனக்கு லீவு இல்ல.' இதிலாவது ஆபீஸ் வாடை இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

டிசம்பர் 23, திங்கள்

இதை எழுதும்போதே சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

நான் ஆபீசில் இருந்த நேரத்தில் தச்சர் வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். நல்ல கனமான தாழ்ப்பாள், வழவழவென்று ஓடுகிறது. ஆனால் போட்டிருப்பது கதவுக்கு வெளிப்பக்கம்!

போன் போட்டுக் கேட்டேன். உள்ளே பாய், தலையணை, மடக்கு நாற்காலி எல்லாம் அடுக்கியிருந்ததால் சாமான் அறை என்று நினைத்துவிட்டாராம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரார் சாமானுக்கு நடுவில்தான் நான் படுத்துக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் ஏறிவிட்டதாகவும், லீவு முடிந்து வந்து மாற்றித் தருவதாகவும் சொன்னார். இவர் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறார். எந்தப் பக்கம் என்று உங்களுக்குமா தோன்றவில்லை என்று கேட்டேன். தச்சர் தன்னிடம் ஸ்பானர் இரவல் வாங்கினார் என்று பெருமையாகச் சொல்கிறார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய!

டிசம்பர் 28, சனி

எல்லோரும் வந்துவிட்டார்கள். அண்ணியும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார், ஆனால் வந்தார். எனக்கு அதுவே போதும்.

பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக என் அறைக் கதவுக்குப் போனார். தாழ்ப்பாளைப் பார்த்தார். ஒரு தடவை போட்டு, ஒரு தடவை திறந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இதுல நீ உள்ள இருப்பியா, வெளியில இருப்பியா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

டிசம்பர் 29, ஞாயிறு

காலையிலிருந்து என்னை எத்தனை பேர், எத்தனை விதமாகக் கூப்பிட்டார்கள்! துண்டு எங்கே, சீப்பு எங்கே, சுண்டெலியின் ஒரு செருப்பு எங்கே. சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணி பக்கத்தில் வந்து என் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினார்.

"போ, போய்ப் படு. வெளியில தாழ்ப்பாளைப் போட்டுட்டு நான் இங்கேயே உக்காந்திருக்கேன். வெளியில போட்டிருந்தா உள்ள ஆள் இருக்கும்னு எவனுக்குத் தோணும்? தட்டு, உடனே திறக்குறேன்."

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் பயமாகத்தான் இருந்தது. அண்ணி வெளியே தொண்டையைச் செருமினார். பயம் போய்விட்டது. கொழுந்தன் வந்து என்னைத் தேடினார். கடைக்குப் போயிருக்கிறாள் என்று அண்ணி கூசாமல் சொன்னார். அப்புறம் இவர் வந்தார். அவருக்கும் கடைதான்.

பாய்க்கட்டில் தலை வைத்துக் கிடந்தேன். ஃபேன் இறக்கையில் தூசி. துடைக்க வேண்டும் என்று தோன்றியது, எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. துக்கம் ஒன்றுமில்லை. அவ்வளவு சுகமாக இருந்தது.

டிசம்பர் 30, திங்கள்

இன்று மத்தியானம் நான் போவதற்குள் அண்ணி கதவருகில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளைத்தான் பார்த்தார்.

"இன்னைக்கு நான் போகட்டுமா?"

கல்யாணம் ஆனதிலிருந்து பகலில் ஒரு கதவைக்கூடச் சாத்தியதில்லையாம். பையன் அழுத அந்தச் சத்தத்துக்குப் பிறகு மூடின கதவைப் பார்த்தாலே ஓடிப்போய்த் திறந்துவிடுவாராம். நேற்று வெளியே உட்கார்ந்திருந்தபோது உள்ளே நான் அசையாமல் கிடப்பது தெரிந்து பொறாமையாக இருந்ததாம். அதையும் சொன்னார்.

அவர் உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அறை வாசலில் உட்கார்ந்துகொண்டேன். அவர் மகன் சுண்டெலியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அம்மா எங்கே என்றான். கடைக்கு என்றேன். "அத்தை, ரெண்டு நாளா அப்படி எந்தக் கடைக்குத்தான் போறீங்க?" என்றான். தாழ்ப்பாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தான். சுண்டெலி கதவைத் தட்டப் போனபோது அவள் கையைப் பிடித்து மெதுவாக, "பாட்டி தூங்குறாங்க" என்றான். டீ நேரம் தாண்டியும் உள்ளிருந்து தட்டும் சத்தம் வரவில்லை. நாங்களும் திறக்கவில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

ஓரகத்திக்கும் மூக்கு வேர்த்துவிட்டது. இப்போது மூன்று பேருக்கும் முறை. தனக்கும் ஒரு முறை வேண்டும் என்று இவர் கேட்டார். குழாயைச் சரிபண்ணிவிட்டு வரச் சொன்னோம்.

ஜனவரி 12, ஞாயிறு

தச்சர் வந்து உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுவிட்டார், சுண்டெலிக்கு எட்டாத உயரத்தில். வெளியே இருப்பதைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். குழாய் இன்னும் சொட்டுகிறது.

சாயந்திரம் அண்ணி கூப்பிட்டார். தச்சர் நம்பர் வேண்டுமாம், அவர் வீட்டுக்கு. உள்பக்கமா வெளிப்பக்கமா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"உள்பக்கம்தான். இங்க வெளியில உக்கார நீ இல்லையே."

நம்பரை ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை ஒரு எண்ணை விட்டுவிட்டேன்.