பட்டுச்சேலைக்கு மேல் படங்கு

அன்பு மகன் யோகேசுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மழையைத் தவிர வேறு குறையில்லாமல் நாங்கள் நல்ல சுகம், அந்த டோஹா வெயிலில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் அறுந்துவிடுகிறது, அதனால்தான் லீவில் வந்த அழகுமுத்துவிடம் இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் மாசிச் சம்பலையும் கொடுத்தனுப்புகிறேன். சம்பலைக் கூட்டாளிகளுக்கே கொடுத்துத் தீர்த்துவிடாதே, நீயும் சாப்பிடு.

இந்தக் கடிதமே உன் தங்கச்சி சுலக்ஷனாவைப் பற்றித்தான். ஒன்லைன் பள்ளிக்கூடத்தில் சுற்றுலாத் தலங்களைப் பற்றி ஒரு பாடம் படித்தாளே, ஒரு இடத்தைப் பார்க்க ஆட்கள் ஏன் வருகிறார்கள், வந்தவர்களை எப்படி நடத்துவது, கூட்டம் கூடினால் அங்கே குடியிருக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்றெல்லாம் அதில் வருகிறதாம். நம்ம லயத்து வீடுகளில் சிக்னல் இல்லை. ஆறு மாதமாகத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டுதான் படித்தாள், அட்டை கடித்து ரத்தம் ஒழுகுவதுகூடத் தெரியாமல் எழுதிக்கொண்டிருப்பாள். உங்க அப்பாதான் முதலில், "நம்ம தோட்டத்துல பாக்க என்னா இருக்கு, இதுக்கெல்லாம் ஒரு படிப்பா" என்று முனகினார்.

கடைசிப் பரீட்சை எழுத்துப் பரீட்சை இல்லையாம். தன் ஊரில் ஒரு இடத்தைப் பத்து நிமிடம் போனில் நேரடியாகச் சுற்றிக்காட்ட வேண்டும், கொழும்பிலிருந்து டீச்சர் பார்த்துக் கேள்வி கேட்பார், ஒரே தடவைதான். தேறினால்தான் நுவரெலியாவில் ஹோட்டல் பயிற்சிக்கு இடம் கிடைக்கும். மற்றப் பிள்ளைகள் அருவி, அணைக்கட்டு என்று எடுத்தார்களாம். இவள் தொட்டி மேட்டை ஒட்டி சிக்னல் கிடைக்கிற நம்ம ஏழாம் நம்பர் மலையையும் அங்கே தேயிலைக் கொழுந்து எடுக்கிற எங்களையும் எடுத்தாள். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் தானே போய் ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதியும் வாங்கி வந்தாள். அந்தத் தைரியம் எனக்கு இந்த வயதிலும் இல்லை.

நானும் லெட்சுமி அக்காவும் இன்னும் நாலு பேரும் வருகிறோம் என்று சொன்னோம். அங்கேதான் நாங்கள் ஒரு கூத்துப் பண்ணினோம். தேயிலை விளம்பரத்தில் எல்லாம் பெண்கள் பளபளவென்று சேலையும் பூவுமாகத்தானே நிற்கிறார்கள், சுற்றுலா என்றால் அதுதான் போல என்று நினைத்து, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திருவிழாவுக்கு வைத்திருந்த பட்டுச்சேலையைக் கட்டி, பூ வைத்து, கூடையோடு மலையில் போய் வரிசையாக நின்றுவிட்டோம். மழையும் முள்ளும் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற படங்குகூட ஒருவரிடமும் இல்லை. பிள்ளைக்கு முகம் செத்துப்போனது. அவள் காட்ட நினைத்தது எங்களுடைய அன்றாட வேலையை. ஆரம்பிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. ஆறு மாதப் படிப்பை நானே கெடுத்துவிட்டேனே என்று தலையில் வைத்த பூவைப் பிடுங்கப் போனேன்.

அவள் கோபப்படவே இல்லை. "சேலைய மாத்த வேணாம்மா" என்றவள், துணைக்கு வந்திருந்த அப்பாவிடம், "நீங்க ஓடிப்போயி படங்கையும் சவுக்காரத்தையும் மட்டும் எடுத்தாங்க" என்றாள். அப்பா சறுக்கிச் சறுக்கி ஓடி வந்து சேர்ந்தார். அவள் முதலில் எங்களை அப்படியே காட்டி, நீங்கள் விளம்பரத்தில் பார்ப்பது இதுதான் என்றாள். பிறகு பட்டுச்சேலைக்கு மேலேயே படங்கைக் கட்ட வைத்து, அட்டை ஏறாமல் காலில் சவுக்காரம் பூச வைத்து, தலையில் கூடையை மாட்ட வைத்து, தினமும் இவர்கள் மலை ஏறுவது இப்படித்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் போன் இருப்பதையே மறந்து, முத்தல் இலையைப் பறித்த லெட்சுமி அக்காவை ஏசிவிட்டேன். டீச்சர் சிரித்தாராம். அப்பா தான் நனைந்துகொண்டு போனுக்குக் குடை பிடித்தார்.

முடிவில் டீச்சர், வருகிறவர்கள் செய்யக்கூடாத ஒன்றைச் சொல் என்று கேட்டார். "பேரு கேக்காம யாரையும் படம் எடுக்கக் கூடாது டீச்சர்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு எங்கள் ஆறு பேருடைய பேரையும், யார் எத்தனை வருஷம் கொழுந்து எடுக்கிறோம் என்பதையும் தாளைப் பார்க்காமல் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனை வேன் நின்றிருக்கும், எத்தனை பேர் படம் எடுத்திருப்பார்கள், ஒருவர்கூட என் பேரைக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கே தோன்றியதில்லை மகன். புதன்கிழமை முடிவு வந்தது, தேறிவிட்டாள். அடுத்த மாதம் பயிற்சிக்குப் போகிறாள். நீ ஒரு தடவை அவளிடம் மனம்விட்டுப் பாராட்டிப் பேசு, அண்ணன் சொன்னால்தான் அவளுக்குப் பெரிது.

நேரத்துக்குச் சாப்பிடு, டியூட்டி முடிந்தால் தூங்கு. இன்னொன்றையும் மறந்துவிடாதே. உங்க ஹோட்டல் வாசலில் கொழுந்து எடுக்கிற ஒரு அம்மாவின் பெரிய படம் மாட்டியிருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் என் ஞாபகம் வருகிறது என்று சொன்னாயே, அதை ஒரு படம் எடுத்து அனுப்பு. கூடைக்கயிறு கட்டியிருக்கிற விதத்தையும் பின்னால் தெரிகிற மலையையும் பார்த்தால் எந்தத் தோட்டம் என்று சொல்லிவிடலாம் என்கிறார் லெட்சுமி அக்கா. ராகலைப் பக்கமாக இருந்தாலும் கொத்மலைப் பக்கமாக இருந்தாலும் நாங்கள் விசாரித்து அந்த அம்மாவின் பேரை எழுதி அனுப்புகிறோம். நீ மேலாளரிடம் கேட்டு அதைப் படத்துக்குக் கீழே போடச் சொல்லு.

அம்மன் உனக்கு நல்ல உடம்பும் நல்ல மனிதர்களும் தரட்டும்.

இப்படிக்கு, உன் அம்மா
சி. ஜீவராணி
ஏழாம் நம்பர் மலை, இருபத்தாறு வருஷம்